மூன்றாவது வளைவில் நின்றவள்

ஆவணியில் குளம் வற்றினால்
ஒலுமடுவில் மோட்டச் சைக்கிள் ஓட்டம்.
வெடித்துக் கிடக்கும் சேற்றுப் பொருக்கின்மேல்
சுண்ணாம்பு தூவி வழி கீறுவார்கள்.
மூன்றாவது வளைவு எனக்கு.
மஞ்சள் கொடி, சிவப்புக் கொடி, ஒரு சோடாப் போத்தல்.
ஐந்து வருசம் மிதிவெடி தோண்டிய கை,
நடுங்காது என்றார் கழகத் தலைவர்.
நடுங்கும்.
அவருக்குத் தெரியாது.

முதல் பரிசு வாங்கிய ரமணேஸ்
கேடயத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
மைக்கைப் பிடித்தான்:
"சில பேர் ஓடுறது சைக்கிள் இல்லை, எருமை.
பக்கத்தில ஆள் வாறது தெரியாமல்
குறுக்கால விழுகிற எருமை."
சனம் விசில் அடித்தது.
தயாளரூபன், இரண்டாம் பரிசு, மைக்கைப் பறித்தான்:
"போன வருசம் என்னை அலைகரைக் கல்லில ஏத்தினது ஆர்?
எருமைக்குக் கொம்பு வேணும் எண்டில்லை."
மறுபடி விசில்.
அதே வாய்கள்.

போன வருசமும் நான் அங்கேதான் நின்றேன்.
ரமணேஸின் முழங்கை
இவனுடைய விலாவில் இறங்கியதைப் பார்த்தேன்.
அதற்குப் பெயர் துணிவு.
நோட்டீசில் படத்தோடு போட்டார்கள்,
கீழே ஹாட்வெயார்க் கடை விளம்பரம்.
இந்த வருசம் இவனுடைய முழங்கை.
அதற்குப் பெயர் காட்டுத்தனம்.
முன்சில்லு உள்ளே வந்தது
இரண்டு முறையும் ஒரு முழம்.
புழுதிகூட ஒரே நிறம்.

லக்சிகன் என்றொரு பெடியன் இருந்தான்.
முத்தையன்கட்டு.
மீன் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு
அந்தச் சைக்கிளிலேயே ஓட வந்தவன்.
சித்திரை ஓட்டம், மாங்குளத்துக் கிறவல் வீதி,
அவனும் உள்ளே வந்தான்.
ஒரு முழம் இருக்காது. முக்கால்.
அன்றைக்கு மட்டும் இந்த இரண்டு பேருக்கும்
மைக் ஒன்று, குரல் ஒன்று:
"விளையாட்டுக்கு ஒரு ஒழுக்கம் வேணும்.
மீன் நாத்தத்தோட வந்து எங்கட பேரைக் கெடுக்கிறான்."
இரண்டு வருசத் தடை.
தீர்மானப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது:
சிவப்புக் கொடி காட்டியவர், மூன்றாம் வளைவு.

நான்தான்.

புழுதி அடங்கமுன்னமே என் கொடி மேலே போனது.
இன்றைக்குத் தயாளரூபனுக்கு
அது தொடையோடு ஒட்டிக்கொண்டு நின்றது.
என் மகளுக்குக் காய்ச்சல் நூற்றிமூன்று ஏறிய இரவு
ஆஸ்பத்திரிக்குப் போன சில்லு அவனுடையது.
பெற்றோல் காசு கேட்கவில்லை.

வெடி தோண்டுகிற இடத்தில்
கருவிக்குச் சோடா மூடியும் ஒன்று, மிதிவெடியும் ஒன்று.
கத்தும்.
முழங்காலில் இருந்து, பக்கவாட்டில், விரல் விரலாக
மண்ணை எடுக்கவேணும். மூடிக்கும் அப்படித்தான்.
ஒரு நாளில் முப்பது மூடி எடுத்திருக்கிறேன்,
முப்பதுக்கும் ஒரே பயம்.
அந்தப் பயத்தைச் சீருடையோடு திருப்பிக் கொடுத்துவிட்டேன் போல.

மேடைக்குக் கூப்பிட்டார்கள்.
"அக்கா, நீங்கள் பக்கத்தில நிண்டனீங்கள்.
சொல்லுங்கோ, ஆரில பிழை?"
மைக்கில் இரண்டு பேருடைய எச்சிலும் இருந்தது.
ஜெனரேற்றர் இரைந்தது.
ரமணேஸ் என்னைப் பார்த்தான்,
தயாளரூபன் தன் சப்பாத்தைப் பார்த்தான்.

"ஒரே புழுதி," என்றேன்.
"வடிவாத் தெரியேல்லை."

விசில் இல்லை.
யாரோ சிரித்தார்கள்.
அதற்குப் பிறகு இரண்டு பேரும் தோளில் கைபோட்டுப்
படம் எடுத்தார்கள்,
வாய்க்குள் இன்னும் எருமை.

காலை ஆறரைக்கு ஒழுங்கையில் மீன் ஹோர்ன்.
அரைக்கிலோ ஜப்பான் கேட்டேன்.
லக்சிகன் என் முகத்தைப் பார்க்கவில்லை,
தராசைத்தான் பார்த்தான்.
நானும் தராசைப் பார்த்தேன்,
அவன் விரல் தட்டில் படுகிறதோ என்று.

படவில்லை.
மிச்சக் காசை எண்ணித் தந்தான்.
எண்ணாமல் வாங்கி முடிந்துகொண்டு
கேற்றைச் சாத்திய பிறகு
எண்ணிப் பார்த்தேன்.